பெயர் எழுதப்படாத படம்

அந்தமான் பழங்குடியினரைப் பற்றிய ஏடுகளில் திரும்பத் திரும்ப வெளியிடப்பெறும் நிழற்படம் ஒன்று உண்டு. கைக்குழந்தையுடன் உள்ள இளம்பெண் ஒருத்தியின் படம் அது. 'ஓங்கே இளந்தாயும் குழந்தையும், அந்தமான் தீவுகள், 1905' என்னும் பொருள்படும் குறிப்பு அதனோடு வழங்கி வருகிறது. இனம் கூறப்பட்டது, இடம் கூறப்பட்டது, ஆண்டும் கூறப்பட்டது. தாயின் பெயர் கூறப்படவில்லை. குழந்தையின் பெயரும் அவ்வாறே. நூற்றிருபது ஆண்டுகளாக அயலார் பார்த்து வரும் ஒரு முகத்துக்குப் பெயர் இல்லாமற் போனது எவ்வாறு என்று ஆராயப் புகுந்தால், அத்தீவுகளின் வரலாற்றில் பெரும்பகுதி நம் முன் வந்து நிற்கிறது.

தாயும் சேயும் சேர்ந்த படத்தின் அருமை, ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு நன்கு தெரியும். மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ தலைப்பிள்ளை பிறந்தால், தலை நின்றதும் ஸ்டூடியோவுக்குத் தூக்கிச் சென்று, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, தாயின் மடியில் இருத்திப் படம் பிடித்து, படத்தின் பின்புறம் பெயரும் நாளும் எழுதி ஊருக்கு அஞ்சலில் அனுப்பிய தலைமுறைகள் நம்மிடையே உண்டு. பேரப்பிள்ளையை நேரிற் காண இயலாத பாட்டிக்கு அந்த அட்டையே பிள்ளை. அது சட்டமிடப்பெற்றுக் கூடத்துச் சுவரில் ஏறும். எடுக்கச் சொன்னவர், எடுக்கப்பெற்றவர், பார்க்கப் போகிறவர் ஆகிய அனைவரும் ஒரே குடும்பத்தினர் என்பதே அத்தகைய படத்தின் இலக்கணம். அந்தமான் தாயின் படத்திலோ எடுத்தவர் அயலார், பார்த்தவரும் அயலார். அவளுடைய உறவினர் கையில் அது கொடுக்கப்படுவதற்காக எடுக்கப்பட்டதன்று.

நிழற்படக் கருவி அத்தீவுகளுக்குச் சென்ற கதையும் கேட்கத் தக்கது. 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின், கைதிகளை நாடு கடத்தி வைக்க ஓரிடம் தேடிய கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, மருத்துவர் மௌவட் என்பவரின் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்றை அந்தமானுக்கு அனுப்பியது. நீராவிக் கப்பலான புளூட்டோவில் சென்ற அக்குழுவோடு ஆஸ்கர் மாலிட் என்னும் நிழற்படக்காரரும் சென்றார். தீவினரோடு நேர்ந்த மோதலில் சிலர் மாண்டனர். ஒருவன் சிறைப்பட்டுக் கொல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டான். அவனுக்கு 'ஜாக்' என்று பெயரிட்டு, மாலுமியின் உடையை அணிவித்தார்கள். படம் எடுக்கும் வேளையில் மட்டும் அவ்வுடையைக் களையச் சொன்னார்களாம்! சில நாட்களுக்குள் அவன் நோய்வாய்ப்படவே, மீண்டும் தீவிற் கொண்டு போய் விட்டார்கள். 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் முதற்கைதிகள் இருநூறு பேர் போர்ட் பிளேரில் இறங்கினர். நிழற்படமும் சிறைக் குடியிருப்பும் ஏறத்தாழ ஒரே கப்பலில் வந்தன என்று சொன்னாலும் தவறாகாது.

1863-இல் கார்பின் என்னும் பாதிரியார் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றை நிறுவினார். இத்தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்றுள்ளது. காட்டு மக்களை அங்கே கொணர்ந்து, உணவும் உடையும் தந்து பழக்குவதே இல்லத்தின் நோக்கம். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஹோம்பிரே என்பவர் சிலரைக் கொல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். 1865-இல் சாஷே - வெஸ்ட்பீல்டு நிழற்பட நிலையத்தார் எடுத்த படம் ஒன்றில் அவர்கள் ஹோம்பிரேயுடன் காணப்படுகின்றனர். அப்படத்தின் குறிப்பில் அவரைச் சுட்டுவதற்கு ஆளப்பட்ட ஆங்கிலச் சொல், விலங்குக் காட்சிச் சாலையிற் காப்பாளனைக் குறிக்க வழங்கும் அதே சொல். எழுதியவர் இகழ்ச்சி கருதி எழுதினார் என்று நாம் எண்ணவில்லை. இகழ்ச்சி என்றே அவருக்குத் தோன்றாதிருந்ததுதான் அக்காலத்தின் இயல்பு.

படக்கலையைப் பெருமுயற்சியாக அங்கே வளர்த்தவர் மாரிஸ் விடால் போர்ட்மன். 1879-இல் அந்தமானியரைக் கவனிக்கும் அதிகாரியாகப் பொறுப்பேற்ற இவர், 1890-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகத் தொகுதி தொகுதியாகப் படங்கள் எடுத்தார். முகத்தை நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை எடுத்தல். பின்னால் கட்டமிட்ட திரை நிறுத்துதல். உடலுறுப்புகளை அளந்து பதிதல் என்பன அவருடைய முறை. மாந்தரை ஆராய்வோர் படமெடுக்க வேண்டிய முறை குறித்து 1896-இல் கட்டுரையும் வரைந்தார். அழகுக்காக மங்கலாக எடுக்கும் படங்களுக்கு அறிவியலில் இடமில்லை என்பது அவர் கட்டளை.

கைக்குழந்தை அக்கட்டளைக்கு அடங்குமா? பழைய ஈரத்தகட்டு முறையில் சில நொடிகளாவது அசையாதிருந்தால்தான் உரு தெளிவாகப் பதியும். ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் இதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். தாயைத் தலைமுதல் கால்வரை துணியால் போர்த்து, நாற்காலி போல் அமர்த்தி, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். குழந்தைக்குத் தாயின் பிடி வேண்டும். படத்துக்குத் தாய் வேண்டா. அவ்வகைப் படங்களை இன்று காண்போர் திடுக்கிடுகின்றனர். 1880-களில் உலர்தகடு பரவிய பின் இவ்வல்லல் குறைந்தது. அந்தமானுக்கு அத்துணியும் தேவைப்படவில்லை. அங்கே பிள்ளையைத் தாங்க மரப்பட்டையால் ஆன பட்டை ஒன்று உண்டு. அதைத் தோளில் மாட்டிக் கொண்டால் குழந்தை அதில் அமர்ந்து தாயின் உடலோடு ஒட்டிக் கிடக்கும். நம் ஊர்களில் நடவுக்குச் செல்லும் பெண் மரக்கிளையிற் கட்டும் தூளியை நடக்கும் தூளியாக்கினால் எப்படியோ அப்படி. அதனை ஒரு கைவினைப் பொருளாகக் கருதித் தனியே அருங்காட்சியகங்களில் சேர்த்தார்கள்.

இனி, பெயருக்கு வருவோம். அந்தமானியரிடையே பெயர் என்பது எளிய செய்தியன்று. எட்வர்டு ஹோரஸ் மேன் என்னும் அதிகாரி 1880-களிலும், ராட்கிளிஃப் பிரௌன் என்னும் மாந்தவியல் அறிஞர் 1906 முதல் 1908 வரை அங்குத் தங்கியும் திரட்டிய செய்திகள் இதனை விளக்குகின்றன. அவை பெரும்பாலும் பெரும் அந்தமானியரிடம் கண்டவை. சிறிய அந்தமானில் வாழும் ஓங்கேயரின் மொழி வேறு. குழந்தை பிறப்பதற்கு முன்பே, வயிற்றிலிருக்கும்போதே, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் ஒரு பெயரைச் சூட்டி விடுவர். பெண் பூப்பெய்தியதும் அப்பருவத்திற் பூத்திருக்கும் மரத்தின் பூவைக் கொண்டு அவளுக்குப் பூப்பெயர் ஒன்று அமையும். தலைப்பிள்ளை பெறும் வரை அப்பெயர் வழங்கும். அவள் கருவுற்றுப் பிள்ளைக்குப் பெயர் சூட்டிய நாள் முதல், பிறந்து சில வாரங்கள் செல்லும் வரை, தாயையும் தந்தையையும் சொந்தப் பெயரால் எவரும் அழையார். 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் தந்தை' என்றே கூறுவர்.

இதைப் படிக்கும் தமிழருக்குப் புன்னகை அரும்பாமற் போகாது. நம் ஊர்த் தெருக்களில் எத்தனை பெண்மணிகள் தம் சொந்தப் பெயர் மறைந்து 'முருகன் அம்மா'வாகவும் 'செல்வி அம்மா'வாகவும் வாழ்கின்றனர்! நம்மவர் வழக்கம் வேறு காரணத்தில் எழுந்தது. ஆயினும் பிள்ளையின் பெயரால் தாய் அறியப்படும் அழகு இரண்டிலும் ஒன்றே. ஆகவே, அந்தமானில் ஒரு தாயையும் சேயையும் படமெடுத்தவர் அருகிலிருந்த எவரையேனும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இருவர் பெயரையும் ஒரே தொடரிற் பெற்றிருக்கக் கூடும்.

மற்றொன்றும் உண்டு. பெரும் அந்தமானியர் குடியிருப்பில் எந்தக் குழந்தை எவருடையது என்று அயலார் எளிதிற் கண்டுகொள்ள இயலாது. பால் உள்ள பெண் பிறர் குழந்தைக்கும் பால் கொடுப்பாள். பிள்ளைகளை நட்பினரும் உறவினரும் கேட்டு வாங்கித் தம் பிள்ளையாக வளர்த்தல் அங்குப் பெருவழக்கு. ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெற்றோரிடமே வளர்வது அரிது என்று மேன் எழுதுகிறார். 'தாயும் குழந்தையும்' என்று நாம் எளிதாக எழுதிவிடும் சொற்றொடருக்குள் அவர்கள் வாழ்வு முழுவதும் அடங்காது. இறந்த சிசுவைக் குடிசையின் தரையிலேயே புதைத்து, தாய் தன் முலைப்பாலைச் சிப்பி ஒன்றிற் பீய்ச்சி அவ்விடத்தில் வைத்துவிட்டு, குடியினர் அனைவரும் அவ்விடத்தை விட்டு அகலுவர் என்பதும் அவர் தரும் செய்தியே. இவற்றையெல்லாம் எழுதிய கை, படங்களின் கீழே மட்டும் ஏன் சிக்கனம் காட்டியது என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அச்சிப்பிகள் மிகுதியாக வேண்டியிருந்த காலம் அது. அந்தமான் இல்லத்துக்கு வந்தோரிடையே வெளியாரின் நோய்கள் பரவின. மேகநோய் 1876-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே தட்டம்மை வந்தது. அந்நோய்களை முன்பு அறிந்திராத உடம்புகள் அவை. கூட்டங் கூட்டமாக மக்கள் மடிந்தனர். இல்லத்திற் பிறந்த ஏறத்தாழ நூற்றைம்பது குழந்தைகளுள் ஒன்றேனும் இரண்டு வயதைக் கடக்கவில்லை என்று கூறுவர். அக்காலத்துத் தாய்-சேய் படங்களைப் பார்க்கும்போது இச்செய்தியை மறப்பதற்கில்லை. 1880-இல் போர்ட்மன் வட சென்டினல் தீவிலிருந்து முதியவர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் போர்ட் பிளேருக்குக் கொண்டு வந்தார். முதியவர் இருவரும் இறந்தனர். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். அவர்களோடு எந்நோய் சென்றதோ! வெளியார் தொடர்பால் அம்மக்களுக்குத் தீங்கன்றி வேறொன்றும் விளையவில்லை என்று பிற்காலத்தில் போர்ட்மனே ஒப்புக்கொண்டார்.

எண்கள் வாய்விட்டுப் பேசுகின்றன. 1858-இல் ஏறக்குறைய ஐயாயிரவர் என்று மதிக்கப்பட்ட பெரும் அந்தமானியர் 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர்! எஞ்சியோரை 1970-ஆம் ஆண்டையொட்டி ஸ்ட்ரெயிட் தீவிற் குடியமர்த்தினர். அவர்களுட் 'போ' மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 சனவரியில் மறைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவர் குரலைப் பதிவு செய்து வைத்தார். அம்மூதாட்டியின் படத்தோடு அவர் பெயரும் உலகெங்கும் சென்றது.

ஓங்கேயரின் வரலாறு சற்று வேறு வழியிற் சென்றது. 1867-இல் 'அஸ்ஸாம் வேலி' என்னும் கப்பலிலிருந்து சிறிய அந்தமானில் இறங்கிய சிலர் கொல்லப்பட்டனர். அவர்களைத் தேடிச் சென்ற படைக்கும் தீவினருக்கும் கடற்கரையிற் சண்டை நிகழ்ந்தது. அன்று கொந்தளிக்கும் அலைகளுக்கு இடையே படகு செலுத்தித் தம் தோழரை மீட்ட ஐவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் அத்தீவினருடன் நட்புக் கொண்டது 1880-களிலே தான். 1905-ஆம் ஆண்டுப் படத்திலுள்ள பெண், அச்சண்டையைக் கண்ட தலைமுறையின் மகளாகவோ பேத்தியாகவோ இருக்கக் கூடும்.

1901-இல் ஓங்கேயர் 672 பேர் என்று மதிப்பிடப்பட்டது. தீவுக்குள் சென்று தலைகளை எண்ணிய கணக்கன்று அது. 1911-இல் 631. படத்திலுள்ள குழந்தை பிழைத்திருந்தால் அப்போது அதற்கு ஏறத்தாழ ஆறு வயது. அந்த 631-இல் ஒன்று. 1921-இல் 346 ஆகவும், 1931-இல் 250 ஆகவும் தொகை சுருங்கியது. 1951-இல் 150, 1961-இல் 129, 1981-இல் நூற்றுக்கும் குறைவு. பிள்ளைப்பேறு அருகியதும் பிறந்த பிள்ளைகள் நிலையாமையும் ஆராய்ந்தோரை வருத்தின. ஒரு பெருநகரத்தில் ஒரு நாள் இரவில் இத்தனை பேர் கூடுதலாகப் பிறக்கலாம், எவரும் கவனியார். நூறு பேர் உள்ள இனத்திலோ ஒரு பிரசவம் நாட்டு நடப்பு.

இவ்வீழ்ச்சி ஆங்கிலேயர் காலத்தோடு முடிந்து போகவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். பழங்குடியினர் பாதுகாப்புக்கென 1956-இல் தனி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 1957-இல் சிறிய அந்தமான் முழுமையும் அவர்களுக்கென ஒதுக்கப்பெற்றது. பின்னர் 1970-களில் அத்தீவின் ஒரு பகுதி அவ்வொதுக்கீட்டிலிருந்து நீக்கப்பட்டது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தோர் குடியேறினர், நிக்கோபாரியரும் வந்தனர். காடு திருத்தப்பட்டது; ஹட் பே துறைமுகம் எழுந்தது. ஓங்கேயர் 1970-களின் பிற்பகுதியில் டுகாங் கிரீக், சவுத் பே என்னும் இரு இடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அகதியாக வந்தவரைக் குறை கூற நாம் யார்? அவர்களும் வீடிழந்து வந்தவர்களே. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்களும் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அவ்வாறே வந்து சேர்ந்தன. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபாரே என்பது அறிஞர் கொள்கை. அதைச் சொல்லி நாம் பெருமிதம் அடைவதுண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அத்தீவுகளின் 3.8 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். அதே கணக்கில் ஓங்கேயர் 101 பேர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கடமை, அங்கு வாழும் நம்மவர்க்கு மற்றவரினும் மிகுதி என்று நாம் கருதுகிறோம்.

2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கடல் பின்வாங்கியதைக் கண்ட மாத்திரத்தில் ஓங்கேயர் தம் குழந்தைகளுடன் மேட்டு நிலத்துக்கு ஏறி விட்டனர். அவர்களுள் ஓர் உயிரும் போகவில்லை. கடல் எடுக்காத உயிர்களை வேறொன்று எடுத்தது. 2008 திசம்பரில், கரையில் ஒதுங்கிய கலம் ஒன்றிலிருந்த நச்சு நீரைக் குடித்து ஓங்கேயர் எண்மர் மாண்டனர். நூற்றுக்கு எட்டு என்பது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இப்போதெல்லாம் படமெடுக்க ஈரத்தகடும் வேண்டா, கட்டமிட்ட திரையும் வேண்டா. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கருவி இருக்கிறது. ஜாரவா மக்களின் காட்டினூடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில், உணவைக் காட்டிப் பெண்களை ஆடச் செய்து எடுத்த படக்காட்சி 2012-இல் வெளியாகி நாடெங்கும் வெட்கத்தை விளைத்தது. அவ்வாண்டிலேயே பழைய ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, பழங்குடியினரைப் படமெடுப்போர்க்குச் சிறைத்தண்டனையும் விதிக்க வழி செய்யப்பட்டது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து வடக்கே செல்லும் வண்டிகள் ஜிர்காடாங் சாவடியில் நிறுத்தப்பெற்று, வரிசையாக, காவலுடன் அனுப்பப்படுகின்றன. வழியில் நிற்றல் கூடாது. உணவு எறிதல் கூடாது. படம் எடுத்தல் கூடாது. ஊரிலிருந்து வந்த உறவினரை அவ்வழியே அழைத்துச் செல்லும் தமிழன்பர்கள், வண்டி புறப்படுமுன் இதனை ஒருமுறை தமிழிலும் எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. சாலையோரத்தில் ஒரு தாய் பட்டைத் தூளியிற் குழந்தையுடன் நின்றிருக்கக் கூடும்.